மிலிட்டரி லுக்: துப்பாக்கியில் எது தேவை, எது வேஷம்?

#1 பழைய_இரும்பு
அமெரிக்காவில் ஏஆர்-15 (ராணுவ எம்16, எம்4 ரைபிள்களின் சிவிலியன் ரகம்) வைத்திருப்பவர்களிடையே ஓயாத சண்டை இது. மரக்கட்டை போட்ட, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளே போதும் என்பவனை ஒரு கூட்டம் "ஃபட்" என்று கிண்டல் செய்யும். ரெயில் (துணைப் பாகங்களை மாட்டும் பல்வரிசைப் பட்டை) முழுக்க லைட், லேசர், கிரிப் என்று மாட்டிக்கொண்டு வருபவனை இன்னொரு கூட்டம் "டாக்டிகூல்", "மால் நிஞ்சா" என்று சிரிக்கும். இந்த இழையில் அந்தக் கேலி வேண்டாம். எந்த பாகம், அது ராணுவத்தில் எதற்கு வந்தது, சிவிலியன் கையில் என்ன ஆகிறது என்று மட்டும் எழுதுவோம்.

என் பங்குக்கு இரண்டு. "எம்4 ப்ரொஃபைல்" என்று விற்கும் பேரலில், முன் சைட்டுக்கும் நுனிக்கும் நடுவே ஒரு இடம் மெலிதாகக் கடையப்பட்டிருக்கும். எம்203 கிரனேட் லாஞ்சரின் முன் பிடி உட்கார வேண்டிய இடம் அது. லாஞ்சர் வாங்கப் போகிறவர் யாரும் இல்லை, ஆனால் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. பேரலை அங்கே குறைத்ததால் சுடுவதில் ஒரு லாபமும் இல்லை.

அடுத்தது பயனெட் லக், அதாவது துப்பாக்கி நுனியில் கத்தி மாட்டும் கொக்கி. ராணுவ எம்4 பேரல் 14.5 அங்குலம். சிவிலியன் ரைபிளுக்கு 1934 தேசிய துப்பாக்கிச் சட்டப்படி குறைந்தது 16 அங்குலம் வேண்டும். கார்பைன் நீள கேஸ் சிஸ்டத்தை (சுட்ட வாயுவால் அடுத்த தோட்டாவை ஏற்றும் அமைப்பு) மாற்றாமல் பேரலை மட்டும் நீட்டினால், கத்தியின் வளையம் ஃப்ளாஷ் ஹைடர் (சுடும்போது வரும் ஒளியைக் குறைக்கும் நுனிப் பாகம்) வரை எட்டாது. மெல்லிய பேரல் மேல் தொளதொள என்று நிற்கும். கத்தி மாட்ட ஒரு லக் இருக்கிறது, மாட்டினால் கத்தி நிற்காது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது போல.

#2 கருவேலங்காடு
அண்ணே, பூனை உவமை நல்லாத்தான் இருக்கு. ஆனா "மரக்கட்டை ரைபிள் சாது, ஏஆர் மிலிட்டரி" ங்கிற பிரிவினையே தப்பு. இன்னைக்கு மான் வேட்டைக்குப் போறவங்க தூக்கிட்டுப் போற போல்ட் ஆக்‌ஷன்ல பாதி 1898 மவுசரோட வாரிசு. .30-06 தோட்டாவுல இருக்கற 06, அமெரிக்க ராணுவம் அதை ஏத்துக்கிட்ட 1906-ஐ குறிக்குது. தாத்தா காலத்து மிலிட்டரி பழசாயிடுச்சுன்னா "ஸ்போர்ட்டிங்", புதுசுன்னா வேஷமா?

கோல்ட் கம்பெனி எஸ்பி1 மாடலை சிவிலியனுக்கு விக்க ஆரம்பிச்சது 1960-கள்லயே. "ஏஆர்"ங்கிறது அசால்ட் ரைபிள் இல்ல, ஆர்மலைட் ரைபிள். இதை எத்தனை தடவை சொன்னாலும் டிவிக்காரங்க காதுல விழப்போறதில்ல.

#3 கலிஃபோர்னியா_கைதி
லுக் பற்றிய சண்டையைச் சட்டத்தில் முதலில் எழுதி வைத்தவர்கள் கடைக்காரர்கள் இல்லை, சட்டமன்றங்கள்தான். 1994 செப்டம்பர் 13-ல் வந்த மத்திய அசால்ட் ஆயுதத் தடைச் சட்டம் பத்தாண்டு இருந்தது, 2004 செப்டம்பர் 13-ல் காலாவதியானது. கழற்றக்கூடிய மேகசின் உள்ள செமி ஆட்டோ (டிரிக்கரை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு) ரைபிளில் கீழ்க்கண்டவற்றில் இரண்டு இருந்தால் தடை: மடக்கும் அல்லது நீட்டிச் சுருக்கும் ஸ்டாக், பிஸ்டல் கிரிப், பயனெட் மவுன்ட், ஃப்ளாஷ் ஹைடர் அல்லது அதற்கான மரை போட்ட பேரல், கிரனேட் லாஞ்சர். கம்பெனிகள் பயனெட் லக்கை அறுத்துவிட்டு, ஸ்டாக்கை நிலையாக்கி, மரையை எடுத்துவிட்டு அதே ரைபிளை விற்றன. உள்ளே இருந்த போல்ட், கேஸ் சிஸ்டம், தோட்டா எதுவும் மாறவில்லை.

கலிஃபோர்னியாவில் அதைவிடக் கறார், இங்கே ஒரே ஒரு அம்சம் போதும். "ஃபீச்சர்லெஸ்" (அந்த அம்சங்கள் இல்லாத) ரைபிள் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

பிஸ்டல் கிரிப்பின் வரையறை கிரிப்பின் உருவத்தை வைத்து இல்லை, கையை வைத்து. சுடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவேயுள்ள சவ்வு, டிரிக்கரின் வெளியே தெரியும் பகுதியின் மேல் விளிம்புக்குக் கீழே போக முடிந்தால் அது பிஸ்டல் கிரிப். அதனால்தான் ஃபின் கிரிப்பில் அந்தப் பலகை, கை சுற்றிக் கீழே இறங்காமல் தடுக்க. மலிவான ஃபின் சில கைகளுக்கு இடைவெளி விடும், விரல் நுழைந்துவிடும். மாட்டியவுடன் கையுறை இல்லாமல் பிடித்துப் பாருங்கள்.

ஃப்ளாஷ் ஹைடர் கூடாது, மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்கும் நுனிப் பாகம்) கூடும். ஆனால் வாங்கும் பொருளைத் தயாரிப்பாளரே "ஃப்ளாஷைக் குறைக்கும்" என்று விளம்பரம் செய்திருந்தால் வம்பு. முன்பக்க பிஸ்டல் கிரிப் கூடாது. ஸ்டாக் நீளம் மாறக்கூடாது, ஆணி (பின்) அடித்து நிறுத்த வேண்டும். மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் செய்தபின் ரைபிள் முன்பைவிட விசித்திரமாகத்தான் இருக்கும். மீன் துடுப்பு முளைத்த மாதிரி.

#4 புதுசு_2
துடுப்பு :) சரியான வார்த்தை.

#5 மான்_கொம்பு
#2-க்கு: மவுசர் வாதம் சரிதான், ஆனால் பாதிதான். 1898 மவுசரை வேட்டைக்காரர்கள் எடுத்தபோது பயனெட்டைக் கழற்றி, கட்டையை அறுத்து, ஸ்கோப் போட்டு வேட்டைக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். அதைத்தான் "ஸ்போர்ட்டரைஸ்" என்றார்கள். இப்போது நடப்பது தலைகீழ். வேட்டைக்கு ஏற்ற ரைபிளை வாங்கி ராணுவச் சாயலுக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டையும் ஒன்று என்று சொல்லக்கூடாது.

வேட்டைக்காரர்கள் தரப்பிலும் தவறு உண்டு. 2007 பிப்ரவரியில் ஜிம் ஸம்போ என்ற பிரபல வேட்டை எழுத்தாளர், ஏஆர் ரகங்களை "பயங்கரவாதிகளின் ரைபிள்" என்று எழுதி, வேட்டையில் தடை செய்யச் சொன்னார். சில நாட்களில் ரெமிங்டன் ஸ்பான்சர்ஷிப் போனது, பத்திரிகை வேலையும் போனது. அதற்குப் பிறகு வேட்டைப் பத்திரிகைக்காரர்கள் இந்தத் தலைப்பையே தொடப் பயந்தார்கள். 2009-ல் துப்பாக்கித் தொழில் சங்கமான என்எஸ்எஸ்எஃப் "மாடர்ன் ஸ்போர்ட்டிங் ரைபிள்" என்று புதுப்பெயர் வைத்தது. பெயர் மாறியது, கடையில் மாட்டியிருந்த போஸ்டர் மாறவில்லை, அதில் இன்னும் ஹெல்மெட் போட்ட சிப்பாய்தான்.

நடைமுறைக்கு: ஏஆர் எடுத்துக்கொண்டு மானுக்குப் போகிறவர்கள் அந்தந்த மாநில மேகசின் வரம்பைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் மானுக்கு 5 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் உள்ள சென்டர் ஃபயர் செமி ஆட்டோ கூடாது. 30 கொள்ளும் மேகசினில் 5 மட்டும் போட்டுக்கொண்டேன் என்ற சமாதானம் எடுபடாது, கொள்ளளவுதான் கணக்கு.

#6 ரேஞ்ச்_விசில்
தத்துவத்தை விடுங்கள். அக்ஸசரி மாட்டுவதில் திரும்பத் திரும்ப வரும் தப்புகளைச் சொல்கிறேன். சாயலுக்காக மாட்டினாலும் சரி, வேலைக்காக மாட்டினாலும் சரி, மாட்டும் விதம் ஒன்றுதான்.

முதலில் ரெயில். பிக்கட்டினி என்பது 1995-ல் வந்த மில்-எஸ்டிடி-1913. பள்ளத்தின் அகலம் 0.206 அங்குலம், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 0.394. பழைய வீவர் ரெயிலின் பள்ளம் 0.180. அதனால் வீவர் மவுன்ட் பிக்கட்டினியில் பெரும்பாலும் உட்காரும், பிக்கட்டினி மவுன்ட் வீவரில் உட்காராது. சுத்தியலால் தட்டி உட்கார வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஆப்டிக் (ஸ்கோப், ரெட் டாட் போன்ற சைட்) மவுன்ட்டை ரெயிலில் வைத்ததும், முன்பக்கம் (நுனிப் பக்கம்) தள்ளிப் பிடித்துக்கொண்டு திருகை இறுக்க வேண்டும். சுடும்போது ரைபிள் பின்னால் வரும், மவுன்ட் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதன் குறுக்குக் கட்டை முன்சுவரில் ஏற்கெனவே முட்டியிருந்தால் நகர இடமில்லை. இடைவெளி விட்டு இறுக்கினால் முதல் 20 ரவுண்டில் ஜீரோ (குறியும் குண்டு விழும் இடமும் ஒத்துப்போவது) நகரும், பிறகு ஸ்கோப் மேல் பழி. டார்க் (திருகை இறுக்கும் விசை) எவ்வளவு என்று மவுன்ட் தயாரிப்பாளர் எழுதியிருப்பார், அங்குல-பவுண்டில். அதைப் பாருங்கள். இறுக்கியபின் திருகுக்கும் உடம்புக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு உடைந்தால் திருகு நகர்ந்துவிட்டது.

அடுத்து காசில் நட், ஸ்டாக் ஏறும் குழாயை இறுக்கும் நட். ஸ்டாக்கை மாற்றும் ஆசையில் எல்லோரும் கை வைக்கும் இடம். டார்க் 40 அடி-பவுண்டை ஒட்டி (38 முதல் 42). அதோடு முடியவில்லை, ஸ்டேக் செய்ய வேண்டும். பின் தகட்டின் உலோகத்தை உளியால் குத்தி நட்டின் பள்ளத்துக்குள் தள்ளுவது, இரண்டு இடத்தில். செய்யாவிட்டால் நட் தளரும், குழாய் திரும்பும், குழாய்க்குள் ஓடும் எடையான பஃபரைப் பிடித்திருக்கும் சிறிய பின் வெளியே எகிறும். பிறகு ஸ்பிரிங்கும் பின்னும் டிரிக்கர் பக்கம் போய்ச் சிக்கும்.

குழாயிலேயே ஒரு பொறி. மில்-ஸ்பெக் குழாயின் விட்டம் 1.148 அங்குலம், கமர்ஷியல் 1.168. மில்-ஸ்பெக் ஸ்டாக் கமர்ஷியல் குழாயில் ஏறாது. கமர்ஷியல் ஸ்டாக் மில்-ஸ்பெக்கில் ஏறும், ஆனால் கிடுகிடுக்கும். "மில்-ஸ்பெக்" என்றால் உயர்தரம் என்று நினைப்பவர்களுக்கு: அது ஒரு அளவுகோல், ஒரு சோதனைப் பட்டியல், அவ்வளவுதான். போல்ட்டுக்கு கார்ப்பென்டர் 158 ஸ்டீல், காந்தத் துகள் சோதனை என்பது அதில் உண்டு. பெட்டி மேல் "மிலிட்டரி கிரேட்" என்று அச்சடிக்க எந்தச் சோதனையும் தேவையில்லை.

கேஸ் கீ, வாயுவை வாங்கும் சிறிய குழல். போல்ட் கேரியர் மேல் இரண்டு திருகில் நிற்கும். அது ஸ்டேக் ஆகாமல் தளர்ந்தால் வாயு கசியும், போல்ட் முழுதாகப் பின்னால் வராது. காலி உறை பாதியில் நிற்கும் அல்லது அடுத்த தோட்டாவை எடுக்காது. ஆயிரம் டாலருக்கு மேலே மாட்டிவிட்டு, இந்த இரண்டு திருகைப் பார்க்காமல் வருவார்கள்.

கடைசியாக: மசில் பிரேக். உதைப்பு குறையும், உண்மை. ஆனால் பக்கத்து லேனில் இருப்பவருக்கு அறை வாங்கிய மாதிரி இருக்கும். உள்ளரங்க ரேஞ்சுக்கு மட்டும் போகிறவர் சாதாரண ஏ2 ஃப்ளாஷ் ஹைடரோடு விட்டுவிடலாம்.

#7 குளோன்_பித்தன்
எல்லாரும் "வேஷம்" என்று சொல்லிக்கொண்டே போகிறீர்கள். குளோன், அதாவது ராணுவ ரைபிளின் அச்சு அசல் நகல் கட்டுவது ஒரு சேகரிப்பு. பழைய ஸ்கூட்டரை அந்த வருட ஹெட்லைட், அந்த வருட பெயின்ட்டோடு புதுப்பிப்பவரை யாரும் வேஷதாரி என்று சொல்வதில்லை. சாப்மாட் ப்ளாக் 2 (அமெரிக்க சிறப்புப் படைகளின் துணைப்பாகத் தொகுப்பு) குளோன் என்றால் டேனியல் டிஃபென்ஸ் ஆர்ஐஎஸ்-2 ரெயில், அந்த மண் நிறம், அதற்கேற்ற ஆப்டிக், அதற்கேற்ற லைட். நிறம் கொஞ்சம் மாறினாலும் குழுவில் பிடித்துவிடுவார்கள். ஏன் ரெயிலின் நிறமும் கிரிப்பின் நிறமும் ஒத்துப்போகாது தெரியுமா? அலுமினிய அனோடைசிங்கும் பிளாஸ்டிக்கும் ஒரே சாயத்தை ஒரே மாதிரி வாங்காது. அசலிலும் ஒத்துப்போகாது.

14.5 பேரலை சட்டத்துக்கு உட்பட்டு வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு: நுனிப் பாகத்தை நிரந்தரமாகப் பதித்து 16-ஐத் தொட வேண்டும். துளையிட்டு பின் இறக்கி, அதன் தலைமேல் வெல்ட். ஏ2 ஃப்ளாஷ் ஹைடர் இதற்குப் போதாது, அதன் நீளத்தில் ஒரு பகுதி மரைக்கு மேல் போய்விடும். நீளமான வகை வேண்டும். அளப்பது வெளியே டேப் வைத்து அல்ல. போல்ட்டை மூடி, பேரலுக்குள் கம்பி விட்டு, நுனியில் குறித்து, வெளியே எடுத்து அளக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் குறைந்தாலும் பதிவு செய்யாத குட்டை ரைபிள், அது மத்தியக் குற்றம். இன்னொன்று: வெல்ட் ஆன பிறகு ரெயிலை மாற்ற நினைத்தால் கேஸ் ப்ளாக் (பேரலிலிருந்து வாயு எடுக்கும் பாகம்) வெளியே வராது. முதலில் ரெயிலை முடிவு செய்யுங்கள், பிறகு வெல்டரிடம் போங்கள்.

2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைபிளுக்கும் சப்ரஸருக்கும் (சத்தம் குறைக்கும் குழல்) இருந்த 200 டாலர் வரி பூஜ்யம். ஆனால் பதிவு, கைரேகை, அனுமதி வரும்வரை காத்திருப்பது எல்லாம் அப்படியே. மாநிலச் சட்டம் தனி. வரி போனதும் சட்டமே போய்விட்டது என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

#8 பழைய_இரும்பு
ஸ்கூட்டர் உவமையை ஏற்கிறேன். அளவு பார்த்து, நிறம் பார்த்துக் கட்டுகிறவருக்கு அந்த பாகம் ஏன் வந்தது என்று தெரிந்திருக்கும். எனக்குக் குறை இருப்பது வேறு ஆளிடம்: 40 டாலர் போலி ஹாலோகிராஃபிக் சைட், உள்ளே ஒன்றுமில்லாத பெக்-15 லேசர் பெட்டி. ஏர்சாஃப்ட் பொம்மைக்காகச் செய்த காப்பி சைட்டில் உதைப்பைத் தாங்கும் கட்டுமானம் கிடையாது. கண்ணாடியை ஒட்டிய பசை விடும், புள்ளி இடம் மாறும், நேற்று ஜீரோ செய்தது இன்று இருக்காது. எடையும் சேரும். எதுவும் மாட்டாத எம்4 ரகம் சுமார் ஆறரை பவுண்டு. லைட், மவுன்ட், பெரிய ஆப்டிக், குவாட் ரெயில், முழு மேகசின் என்று சேர்த்தால் ஒன்பதைத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் முன்பக்கம்.

#9 புதுசு_2
ஒரு சந்தேகம், அடிப்படைதான். எச்-1பி விசாவில் இருப்பவர் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கி சுடலாமா? நண்பர்கள் எல்லாம் சுடுகிறார்கள்.

#10 மான்_கொம்பு
@புதுசு_2: நண்பர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யாதீர்கள் தம்பி. எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற நான்-இமிக்ரன்ட் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் (18 யுஎஸ்சி 922) தடுக்கிறது. வாடகைக்கு எடுத்து சுடுவதும் அதில் அடங்கும். முக்கியமான விலக்கு ஒன்று: ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். வேட்டைக்குப் போகாவிட்டாலும் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக்கூடாது. வேட்டைப் பருவ லைசென்ஸ் பல மாநிலங்களில் ஒரு வருடத்தில் முடியும், தேதியைப் பாருங்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. இதில் தப்பினால் அபராதத்தோடு முடியாது, விசாவும் போகும். குடியேற்ற வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

#11 கருவேலங்காடு
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நீட்டிச் சுருக்கற ஸ்டாக்கை எல்லாரும் "கமாண்டோ பாகம்"னு எழுதறாங்க. அது சட்டை சைஸ் மாதிரி. தோளுக்கும் டிரிக்கருக்கும் நடுவுல இருக்கற தூரம் ஆளுக்கு ஆள் மாறும். அஞ்சடி ரெண்டு அங்குலம் இருக்கற பெண்ணுக்கு நிலையான ஸ்டாக் நீளமாயிடும், உடம்பைப் பின்னால சாய்ச்சுப் பிடிப்பாங்க, உதைப்பு கன்னத்துல விழும். ரெண்டு படி சுருக்குனா நேரா நிப்பாங்க. குளிருக்கு ஜாக்கெட் போட்டா ஒரு படி குறை. பிஸ்டல் கிரிப்பும் அப்படித்தான், நேர்கோட்டு ஸ்டாக்குல மணிக்கட்டு வளையாம பிடிக்க அது வேணும்.

ஸ்லிங்கும் வேஷம் இல்ல. ரெண்டு முனைல மாட்டற வார் வாங்குங்க. ஒத்தை முனை வார் படத்துல நல்லா இருக்கும், கையை விட்டதும் பேரல் முழங்கால்ல வந்து இடிக்கும்.

#12 ரேஞ்ச்_விசில்
#11 சொன்னது முழுக்கச் சரி. லைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு ரைபிள் வைத்திருப்பவருக்கு, எதிரில் நிற்பது மகனா திருடனா என்று தெரிய வேண்டும். சிஆர்123 லித்தியம் செல் போடுகிற லைட்டில் பழையதும் புதியதும் கலக்காதீர்கள், பலவீனமான செல் சூடாகி வெடித்து வாயு விடும்.

வீட்டுக்குள் இன்னொரு கணக்கு. ஏஆரில் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்), பேரல் நடுவிலிருந்து சுமார் 2.6 அங்குலம் மேலே இருக்கிறது. 50 கஜத்தில் ஜீரோ செய்தால் 200 கஜத்தை ஒட்டி மறுபடி ஜீரோ வரும், அது நல்லதுதான். ஆனால் 7 கஜத்தில் குண்டு புள்ளிக்கு இரண்டு அங்குலத்துக்கும் மேல் கீழே போகும். காகிதத்தில் நெற்றியைக் குறி வைத்தால் மூக்கில் விழும். உயரமான "ரைசர்" மவுன்ட் இப்போது ஃபேஷன். இரவுக்கண்ணாடி போட்டுச் சுடும் சிப்பாய்க்காக வந்த உயரம் அது. இரவுக்கண்ணாடி இல்லாதவர் போட்டால் இந்த இடைவெளி இன்னும் கூடும்.

பச்சை நுனி எம்855 தோட்டாவும் இதே கதை. குண்டின் எடை 62 கிரெயின், உள்ளே ஸ்டீல் முனை. ராணுவத் தோட்டா என்று பெட்டி பெட்டியாக வாங்குவார்கள். பல ரேஞ்சில் காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவோம், ஸ்டீல் பின்தடுப்பைக் கெடுக்கும். துல்லியமும் சுமார்தான். 2015-ல் மத்திய துப்பாக்கித் துறையான ஏடிஎஃப் அதைக் கவசம் துளைக்கும் தோட்டா என்று வகைப்படுத்தப் பார்த்து, 80,000-க்கும் மேல் கருத்துக்கடிதம் வந்ததும் பின்வாங்கியது. அந்தச் சில வாரங்களில் அதன் விலை ஏறியதற்கும் துல்லியத்துக்கும் சம்பந்தமில்லை.

#13 கலிஃபோர்னியா_கைதி
படம் காட்டி விற்பதன் விலை எவ்வளவு என்று நீதிமன்றத்திலேயே பார்த்தோம். ரெமிங்டனின் பிராண்டான புஷ்மாஸ்டர் ரைபிளுக்கு "உங்கள் ஆண்மை அட்டை மீண்டும் வழங்கப்பட்டது" என்ற பொருளில் விளம்பரம் வந்தது. சாண்டி ஹுக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு குடும்பங்கள் வழக்குப் போட்டன. துப்பாக்கி கம்பெனிகளைக் காக்கும் 2005 மத்தியச் சட்டம் இருந்தும், விளம்பர முறை மீதான குற்றச்சாட்டு நிற்கும் என்று கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் சொன்னது. 2022 பிப்ரவரியில் 73 மில்லியன் டாலர் சமரசம், பணம் கொடுத்தவை ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்கள். ரைபிளின் பாகம் எதுவும் அந்த வழக்கில் நிற்கவில்லை. விளம்பர வாசகம்தான் நின்றது.

#14 கருவேலங்காடு
வழக்கு விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தன் செஞ்ச கொலைக்கு ரெயில் மாட்டினவன் எல்லாம் பதில் சொல்லணும்னு யாரும் கிளம்ப வேணாம்.

ஓப்பன் கேரி கதையும் இங்கதான் சேரும். 2014-ல டெக்சாஸ்ல ரைபிளை வெளிப்படையா தூக்கிட்டுப் போக லைசென்ஸ் வேணாம், பிஸ்டலை அப்படித் தூக்க முடியாது (அது 2016 ஜனவரியிலதான் வந்துச்சு). அதை எதிர்க்கறோம்னு சொல்லி சிலர் ஏஆரோட ஹோட்டல்ல போய் உக்காந்தாங்க. சாப்பிட வந்த குடும்பம் எந்திரிச்சு ஓடுச்சுன்னா யாருக்கு லாபம்? துப்பாக்கி உரிமைச் சங்கமான என்ஆர்ஏவே அதை "விசித்திரம்"னு அறிக்கை விட்டுது. அப்புறம் சில நாள்லயே "ஒரு ஊழியர் எழுதினது"ன்னு ஜகா வாங்கிடுச்சு. சட்டப்படி சரிங்கறதும் புத்திசாலித்தனம்ங்கறதும் வேற வேற.

#15 குளோன்_பித்தன்
ப்ளேட் கேரியர் (கவசத் தகடு வைக்கும் சட்டை) போட்டுக்கொண்டு ரேஞ்சுக்கு வருவது பற்றி யாரும் எழுதவில்லையே?

#16 ரேஞ்ச்_விசில்
போடட்டும், ஆனால் சரியாகப் போடட்டும். ப்ளேட்டின் மேல் விளிம்பு, கழுத்தெலும்புகள் சேரும் குழிக்கு நேராக இருக்க வேண்டும். பாதிப் பேர் வயிற்றின் மேல் தொங்கவிடுகிறார்கள். அது காப்பது இட்லியைத்தான், இதயத்தை அல்ல. மலிவான ஸ்டீல் ப்ளேட் குண்டை நிறுத்தும், ஆனால் சிதறும் துண்டுகள் தாடைக்கும் கைக்கும் பறக்கும். நியூயார்க்கில் குறிப்பிட்ட தொழில்களில் இல்லாதவர் கவசம் வாங்கவே 2022 முதல் தடை. முன்னால் மூன்று மேகசின் பை வைத்தால் குப்புறப் படுத்துச் சுட முடியாது, மார்பு தரையில் நிற்காது. படுத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

#17 புதுசு_2
கடைசியாக ஒன்று. ஏஆர் பிஸ்டல் (தோளில் வைக்கும் ஸ்டாக் இல்லாத குட்டை ஏஆர்) ரகத்தில் செங்குத்து முன்கிரிப் மாட்டலாமா? கடையில் கிரிப் தனியாகத்தான் விற்கிறார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

#18 குளோன்_பித்தன்
மாட்டாதே. மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவான பிஸ்டலில் செங்குத்து கிரிப் போட்டால் அது தேசிய துப்பாக்கிச் சட்டத்தின் "ஏஓடபிள்யூ" (மற்ற ஆயுதங்கள்) வகைக்குப் போய்விடும், முன்கூட்டியே ஏடிஎஃப்-இடம் ஃபார்ம் 1 அனுமதி வேண்டும். சாய்ந்த கிரிப்பை ஏடிஎஃப் அப்படிக் கணக்கில் எடுப்பதில்லை, அல்லது விரல் நுனியில் போகாமல் தடுக்கும் சிறிய ஹேண்ட் ஸ்டாப் போதும். விற்கிறவர் கேட்க மாட்டார். பிஸ்டல் உன்னிடம்தானே இருக்கிறது.